சாவு வரியும் நிபந்தனைப் பட்டாவும்



1945இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் நம் நாட்டுக்காக ஒரு சிறிய சட்டம் இயற்றியது. இந்திய எஸ்டேட் டூட்டி சட்டம் என்று அதற்குப் பெயர். ஒருவர் இறந்த பின் அவருடைய சொத்து வாரிசுகளுக்குப் போகும்போது அரசு அதில் ஒரு பங்கை வரியாக எடுக்கலாமா, எடுப்பதென்றால் மத்திய அரசா மாகாண அரசா என்பதுதான் பிரச்சினை. 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தில் வாரிசுரிமை மீதான தீர்வைக்கு இடம் இருந்தது. அது ஒவ்வொரு வாரிசும் பெறும் பங்கின் மீது விழும் வரி. இங்கிலாந்தில் 1894 முதல் நடைமுறையில் இருந்த எஸ்டேட் வரியோ, செத்தவர் விட்டுப்போன மொத்தச் சொத்தின் மீதும் விழுவது. இரண்டும் ஒன்றா, வேறா? 1944இல் டெல்லியிலிருந்த கூட்டாட்சி நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்கப்பட்டது. அடுத்த ஆண்டே லண்டனில் சட்டத்தைத் திருத்தி, விவசாய நிலம் தவிர்த்த சொத்துக்கான எஸ்டேட் வரி மத்தியப் பட்டியலுக்கு, விவசாய நிலத்துக்கானது மாகாணப் பட்டியலுக்கு என்று கோடு கிழித்துவிட்டார்கள்.

அந்தக் கோடு அழியவில்லை. நம் அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மத்தியப் பட்டியலின் 87ஆவது இனமாகவும், மாநிலப் பட்டியலின் 48ஆவது இனமாகவும் இன்றும் இருக்கிறது. கொங்கு நாட்டில் 'எஸ்டேட்' என்றால் வால்பாறைத் தேயிலைதான் நினைவுக்கு வரும். பழைய ஆட்களுக்கு ஜமீன் நினைவுக்கு வரலாம். இங்கே அந்தச் சொல்லின் பொருள் ஒன்றே ஒன்றுதான்: செத்தவர் விட்டுப்போனது. பேச்சு வழக்கில் இதைச் சாவு வரி என்றார்கள். அந்தப் பெயரையே நாமும் வைத்துக்கொள்வோம்.

அண்ணல் அம்பேத்கரின் நினைவாகக் கூடும் இந்த மேடையில் சாவு வரிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நம் வளவுகளில் எவருடைய தாத்தாவும் சாவு வரி கட்டியதில்லை. கட்டுவதற்கு எதையும் விட்டுப்போனதில்லை. அதனால்தான் இதை எடுத்திருக்கிறோம். பரம்பரை நிலத்தைப் பற்றி இந்நாட்டில் எழுதப்பட்ட, திருத்தப்பட்ட, கைவிடப்பட்ட சட்டங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், யாருடைய சாவைச் சட்டம் கவனித்தது, யாருடைய சாவைக் கவனிக்கவில்லை என்பது தெரியும்.

முதலில் கவனிக்கப்பட்டவர்களின் கதை. 1946இல் ஒரு எஸ்டேட் வரி மசோதா வந்து காலாவதியானது. 1948இல் மீண்டும் வந்தது. அந்த ஆண்டின் பாதிக்கு மேல் நாட்டின் நிதியமைச்சராக இருந்தவர் கோவைக்காரரான ஆர்.கே. சண்முகம் செட்டியார். கடைசியில் சி.டி. தேஷ்முக் நிதியமைச்சராக இருந்தபோது சட்டம் நிறைவேறி, 1953 அக்டோபர் 15 முதல் அமலுக்கு வந்தது. இங்கிலாந்துச் சட்டத்தின் வார்த்தைகளைப் பல பிரிவுகளில் அப்படியே காணலாம். விவசாய நிலம் மாநிலப் பட்டியலில் இருந்ததால், ஒவ்வொரு மாநிலச் சட்டமன்றமும் தீர்மானம் போட்டு ஒப்புக்கொண்டால்தான் அங்கே நிலத்துக்கு இந்த வரி. ஒப்புக்கொண்ட மாநிலங்களின் பட்டியலில் மதராஸ் மாநிலமும் பிறகு சேர்ந்தது. 1952 முதல் 1962 வரை மாநில நிதியமைச்சராக இருந்தவர் பொள்ளாச்சிப் பக்கத்துச் சி. சுப்பிரமணியம் என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளலாம். நிதியும் நிலமும் பேசப்பட்ட இடங்களில் கொங்கு நாடு வெளியே நின்றதில்லை. கொங்கு நாட்டுக்குள் யார் வெளியே நின்றார்கள் என்பதே நம் கேள்வி.

அந்தச் சட்டம் சொத்துள்ள குடும்பத்தின் மனதை எவ்வளவு நுணுக்கமாகப் படித்திருந்தது என்று பாருங்கள். கூட்டுக் குடும்பச் சொத்தில் ஒருவருக்குள்ள பங்கு 50,000 ரூபாய் வரை வரி இல்லை. மற்றவர்களுக்கு 1 லட்சம் வரை இல்லை. சாவதற்கு இரண்டு ஆண்டுக்குள் மகனுக்குத் தானமாக எழுதிவைத்தால் அந்த எழுத்தைக் கணக்கில் எடுக்க மாட்டோம், அதுவும் செத்தவர் சொத்துதான் என்றது. ஒரே வீட்டில் அடுத்தடுத்துச் சாவு விழுந்தால் இரண்டு முறை முழு வரி கட்டுவது கொடுமை அல்லவா? அதற்கும் சலுகை இருந்தது. முதல் சாவுக்கு ஓராண்டுக்குள் இரண்டாம் சாவு என்றால் வரியில் பாதி தள்ளுபடி. பிறகு ஆண்டுக்குப் பத்து விழுக்காடாகக் குறைந்துகொண்டே போய் ஐந்தாம் ஆண்டோடு முடியும். அடுத்தடுத்து வரும் துக்கத்துக்குக்கூடச் சட்டத்தில் ஒரு பிரிவு ஒதுக்கியிருந்தார்கள்.

1958இல் திருத்தம் வந்தது. வரிவிலக்கு எல்லோருக்கும் 50,000 ரூபாய் என்று குறைக்கப்பட்டது. கூட்டுக் குடும்பத்தில் இறந்தவரின் பங்கோடு அவர் பிள்ளைகளின் பங்கையும் கூட்டி வரி விகிதத்தைக் கணக்கிட வேண்டும் என்றார்கள். சொத்துள்ளவர்கள் வழக்கு மேல் வழக்குப் போட்டார்கள். 1970களின் தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தக் கூட்டல் செல்லாது என்றது. நெடுங்காலம் கழித்து உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. பிறகு உச்ச விகிதம் 85 விழுக்காடாக ஏற்றப்பட்டது, 20 லட்சத்துக்கு மேற்பட்ட பகுதிக்கு. கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் 1985இல் வி.பி. சிங் இந்த வரியை ஒழித்தபோது சொன்ன காரணம், இந்தியா முழுவதிலுமிருந்து ஆண்டுக்கு வருவது சுமார் 20 கோடி ரூபாய்தான், வசூலிக்கும் செலவோ அதிகம் என்பது. 1985 மார்ச் 16 முதல் நேர்ந்த சாவுகளுக்குச் சாவு வரி இல்லை. 85 விழுக்காடு என்று எழுதிவைத்த சட்டத்தில் 20 கோடிதான் வந்தது என்றால், இடையில் என்ன நடந்தது? சொத்துள்ளவர்கள் உயிரோடு இருக்கும்போதே எழுதிவைக்கக் கற்றுக்கொண்டார்கள். பாகப்பிரிவினைப் பத்திரம், செட்டில்மென்ட் பத்திரம், அறக்கட்டளை என்று காகிதங்கள் பெருகின. அதே காலத்தில், 1961இல் வந்த நில உச்சவரம்புச் சட்டமும் (குடும்பத்துக்கு 30 தர ஏக்கர், 1970இல் 15) அதே காகிதங்களுக்குள்தான் காணாமல் போனது.

முப்பத்திரண்டு ஆண்டு வாழ்ந்த ஒரு வரி. அது பிறந்தபோதும் விவாதம், திருத்தியபோதும் விவாதம், செத்தபோதும் விவாதம். வாரிசு என்ற சொல் சொத்துள்ளவர்கள் பக்கம் நின்றபோது சட்டம் ஒரு நாளும் தூங்கவில்லை.

இப்போது மற்றவர்களின் கதை. அதைச் சொல்லக் கொங்கு நாட்டு நிலத்தின் தன்மையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தஞ்சையைப் போல ஆற்றுப் பாய்ச்சலால் வாழ்ந்த பூமி அல்ல இது. பவானி, நொய்யல், அமராவதிக் கரைகளை விட்டால் மீதியெல்லாம் மேட்டுக்காடு. மழை குறைவு. கிணறு உண்டென்றால் அது தோட்டம், கிணறு இல்லையென்றால் அது காடு. நிலத்தின் மதிப்பு நிலத்தில் இல்லை, கிணற்றில் இருந்தது. 1887இல் கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டை எழுதிய எஃப்.ஏ. நிக்கல்சன் என்ற அதிகாரியும் இந்தக் கிணறுகளை விரிவாகவே கவனித்தார்.

அந்தக் கிணற்றை இயக்கியது யார்? கவலை ஓட்டி நீர் இறைத்த காலத்தில், சாலின் அடியில் கட்டிய தோல் தும்பியைத் தைத்தது அருந்ததியர் கை. கிழிந்தால் ஒட்டுப்போட்டதும் அந்தக் கைதான். விடியுமுன் மாடு பூட்டிக் கவலை ஓட்டியதும் பல தோட்டங்களில் அருந்ததியப் பண்ணையாள்தான். கொங்கு வேளாளர் தோட்டம் ஒன்றில் கிணறு வெட்டியிருந்தால், அதன் ஆழத்தில் பாறை உடைத்த உழைப்பிலும் நம் பங்கு இருக்கும். ஆனால் கிணறும் நிலமும் மகனுக்குப் போயின. தும்பி தைத்தவன் மகனுக்கு ஊசி போனது. 1932இல் பைக்காரா மின்நிலையம் இயங்கத் தொடங்கி, கோவைப் பக்கம் மின்சார மோட்டார் பரவப் பரவ, அந்த ஊசிக்கும் வேலை இல்லாமல் போனது. மோட்டார் வைத்தவர்கள் பிற்பாடு மின்கட்டணத்துக்காக 1972இல் மாட்டு வண்டிகளால் கோவை நகரத்தை நிறைத்தார்கள். அரசு பேச்சுவார்த்தைக்கு வந்தது. அது விவசாயிகள் போராட்ட வரலாற்றில் பெரிய நாள்தான், மறுக்கவில்லை. தும்பி தைத்தவர்களுக்கு அப்படி ஒரு நாள் வாய்த்ததில்லை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

பண்ணையாளுக்குப் பரம்பரையாக எதுவும் வரவில்லை என்று சொன்னால் அதுவும் முழு உண்மை அல்ல. ஒன்று வந்தது. கடன். கல்யாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய முன்பணம் தீராமல் இருக்கும். அப்பன் செத்தால் மகன் அந்தத் தோட்டத்துக்கே போவான். இதை நாம் ஆவேசத்தில் சொல்லவில்லை. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தை எடுத்துப் படியுங்கள். கொத்தடிமை முறைக்கு அது தரும் விளக்கத்திலேயே, வாரிசுரிமையால் ஒருவர் மேல் வந்து விழும் கடமை என்றும், குறிப்பிட்ட சாதியில் பிறந்ததால் வரும் கட்டாயம் என்றும் எழுதியிருக்கிறது. இந்தியச் சட்டப் புத்தகத்தில் நிலமற்ற தலித்தின் வாரிசுரிமை பெயர் சொல்லிக் குறிக்கப்பட்ட இடம் இது. அங்கேகூட அது ஒழிக்கப்பட வேண்டிய ஒன்றாகத்தான் இடம்பெறுகிறது. 1981 முதல் கோவை மாவட்டக் கிராமங்களில் பல ஆண்டு இடைவெளியில் திரும்பத் திரும்ப ஆய்வு செய்த ஜூடித் ஹேயர், முன்பணம் வாங்கிய பண்ணையாட்கள் 1980களிலும் இருந்ததைப் பதிவு செய்திருக்கிறார். சட்டம் வந்து ஆண்டுகள் ஓடிய பிறகும் அந்த வாரிசுரிமை ஒழியவில்லை.

நிலமே வாரிசாக வந்த தலித்துகள் இல்லையா? இருந்தார்கள். அந்த நிலத்தின் கதை இன்னும் கசப்பானது. மகாராஷ்டிரத்தில் மகர்களுக்கு 'வதன்' நிலம் இருந்தது. ஊர் வேலை செய்வதற்காக விடப்பட்ட துண்டு நிலம். அப்பனுக்குப் பின் மகனுக்கு வரும். கூடவே அந்த ஊழியமும் வரும், இரவு பகல் பாராமல். நிலத்தை வைத்துக்கொண்டு ஊழியத்தை விட முடியாது. 1928 மார்ச்சில் அம்பேத்கர் பம்பாய்ச் சட்ட மேலவையில் கொண்டுவந்த மசோதா இதைப் பற்றியதுதான். 1874ஆம் ஆண்டுப் பரம்பரைப் பதவிகள் சட்டத்தைத் திருத்தி, முழுத் தீர்வை கட்டத் தயாரானவர் நிலத்தை வைத்துக்கொண்டு ஊழியத்திலிருந்து விடுபட வழி கேட்டார். நிலத்தைக் கொடு என்று அவர் கேட்கவில்லை. வாரிசாக வந்த நிலத்திலிருந்து வாரிசாக வந்த அடிமைத்தனத்தைப் பிரித்துக் கொடு என்று கேட்டார். மசோதா நிறைவேறவில்லை. அந்த வதன்கள் சட்டப்படி ஒழிந்தது 1958இல். அப்போது அவர் இல்லை.

சென்னை மாகாணத்தில் இதற்குச் சமமானது 1895ஆம் ஆண்டின் பரம்பரைக் கிராமப் பதவிகள் சட்டம். முன்சீப்பும் கர்ணமும் அதில் உண்டு. தலையாரியும் வெட்டியும் தோட்டியும் உண்டு. ஒரே சட்டம்தான். ஒருவர் வீட்டுக்கு அது நாற்காலியை வாரிசாக்கியது, இன்னொருவர் வீட்டுக்குத் தப்பையும் பிணம் சுடும் வேலையையும் வாரிசாக்கியது. 1960இல் உச்ச நீதிமன்றம் ஆந்திர வழக்கொன்றில் இப்படிப் பிறப்பால் பதவி தருவது அரசியலமைப்புக்கு விரோதம் என்றது. நம் மாநிலம் 1968இல் அந்தச் சட்டத்தை நீக்கியது. பகுதிநேரக் கிராம அதிகாரிப் பதவிகள் 1980 நவம்பரில் ஒழிந்தன. இந்தத் தேதிகளை நினைவில் வையுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறோம்.

இனி பஞ்சமி நிலம். செங்கல்பட்டுக் கலெக்டர் பொறுப்பிலிருந்த ஜே.எச்.ஏ. திரெமென்ஹீர் 1891இல் பறையர் நிலை பற்றி அறிக்கை கொடுத்ததும், 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட வருவாய்த் துறை அரசாணை எண் 1010 வந்ததும் இந்த அவையில் அனைவருக்கும் தெரியும். மேடைகளில் நாம் 12 லட்சம் ஏக்கர் என்கிறோம். மாணவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: எல்லாமே 1892இல் ஒரே மூச்சில் கொடுக்கப்பட்டதாக எழுதாதீர்கள். ஆணை ஒன்று, நிலம் வந்த வழிகள் பல. 1920களில் தொழிலாளர் ஆணையர் வழியாக நடந்த ஒப்படைகள் அவற்றில் முக்கியமானவை. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் பிடிப்பது இந்த இடத்தைத்தான்.

நம் பேச்சுக்கு முக்கியம் ஏக்கர் கணக்கு அல்ல, நிபந்தனை. பத்து ஆண்டுகளுக்கு யாருக்கும் விற்கக் கூடாது. அதன் பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்க வேண்டும். மீறினால் அரசு எடுத்துக்கொள்ளும். இந்த மூன்று வரிகளும் என்ன செய்தன? அப்பனுக்குப் பின் அந்த நிலம் மகனிடம் இல்லாமல் போனாலும், நம் சமூகத்துக்குள்ளேயே இருக்கும்படி செய்தன. அதாவது ஒரு குடும்பத்துக்கு அல்ல, ஒரு மக்கள் கூட்டத்துக்கே வாரிசுரிமை கொடுத்தன. இந்துச் சட்டமும் எஸ்டேட் வரிச் சட்டமும் காணாத வாரிசுரிமை இது. வெள்ளைக்காரன் கருணையில் வந்தது என்று யாரும் மயங்க வேண்டாம். தரிசும் தீர்வையும் அவனுக்கும் கணக்குதான். ஆனாலும் வந்தது வந்ததுதான்.

அந்த நிபந்தனை எதன் மேல் நிற்கிறது? ஒரு தனிச் சட்டத்தின் மேல் அல்ல. வருவாய் வாரிய நிலையாணைகள், பட்டாவில் எழுதிய வாசகம், அதற்குப் பின்னால் 1895ஆம் ஆண்டின் அரசு மானியங்கள் சட்டம். அரசு நிபந்தனையோடு கொடுத்ததை அந்த நிபந்தனைப்படியே படிக்க வேண்டும், சொத்து மாற்றுச் சட்டம் குறுக்கே வராது என்கிறது அது. அந்தக் கோவணத்தை வைத்துத்தான் நூறு ஆண்டுக்கு மேலாக நம் மானத்தை மறைக்கிறோம்.

கொங்கு நாட்டில் நிபந்தனைப் பட்டா எப்படிக் கை மாறும் என்று வழக்கு பார்க்கும் எந்தத் தோழரைக் கேட்டாலும் சொல்வார். கிடைத்தது மேட்டுத் தரிசு. கிணறு வெட்டக் காசில்லை. நிபந்தனைப் பட்டாவை வங்கி அடமானம் வாங்காது. மழை பொய்த்த ஆண்டில் பக்கத்துத் தோட்டக்காரரிடம் போக்கியத்துக்கு விடுவார்கள். எழுத்து இருக்காது, இருந்தால் வெறும் முத்திரைத்தாள். அப்பன் சாவான். மகன் அதே தோட்டத்தில் பண்ணையத்துக்கு நிற்பான். போக்கியம் மீட்க வேண்டும் என்று கேட்கும் இடமும் சம்பளம் வாங்கும் இடமும் ஒன்றாகிவிட்டால் யார் கேட்பது? பிறகு ஒரு நாள் பொது அதிகாரப் பத்திரம், அல்லது நேரடிக் கிரயம். சார்பதிவாளர் நிபந்தனையைப் பார்த்திருக்க வேண்டும். பார்ப்பதில்லை, அல்லது பார்த்தும் பதிவார்.

பதிவேட்டில் நிபந்தனை எங்கே போனது? மேலே தேதிகளை நினைவில் வைக்கச் சொன்னோம். 1968 வரை சட்டப்படி பரம்பரையாக, 1980 வரை நடைமுறையில் பெரும்பாலும் அதே வீடுகளில், ஊர்க் கணக்குப் புத்தகம் கர்ணத்தின் வசம் இருந்தது. நிலம் வாரிசாக வராத நம் மக்களின் நிலப் பதிவேடு, இன்னொரு வீட்டுக்கு வாரிசாகப் போய்க்கொண்டிருந்தது. அதன்பின் 1980களில் நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் (யூ.டி.ஆர். என்று அலுவலகங்களில் சொல்வார்கள்) வந்து பதிவேடுகளைப் புதிதாக எழுதியது. அனுபவத்தில் இருப்பவர் பெயர் ஏறியது. 'நிபந்தனைக்குட்பட்டது' என்ற சொல் பல இடங்களில் ஏறவில்லை. அந்த ஒரு சொல் விடுபட்டதும் நிலம் சாதாரண ரயத்துவாரிப் பட்டா ஆகிவிடுகிறது. விற்றவரும் குற்றவாளி இல்லை, வாங்கியவரும் இல்லை, எழுதியவரும் இல்லை.

செங்கல்பட்டு மாவட்டம் காரணையில் இந்த நிலங்களை மீட்கப் போராடி, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிர்விட்டார்கள். சாவு வரிக்கு எதிராக ஒருவர்கூடத் துப்பாக்கிக் குண்டுக்கு முன்னால் நிற்கவில்லை. நிற்க வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை. 2008இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கே. சந்துரு, நிபந்தனையை மீறி பஞ்சமி நிலம் பிறர் கைக்குப் போனால் அந்தக் கிரயம் செல்லாது என்று தெளிவாகவே தீர்ப்பளித்தார். தீர்ப்பு இருக்கிறது. சட்டம்தான் இல்லை.

பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். கர்நாடகம் 1978இல் தனிச் சட்டம் போட்டது. பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு அரசு கொடுத்த நிலத்தை நிபந்தனையை மீறி விற்றிருந்தால், சட்டத்துக்கு முன்னால் நடந்த விற்பனையானாலும் செல்லாது. நிலத்தைப் பெற்றவருக்கு, அவர் இல்லையென்றால் அவருடைய சட்டப்படியான வாரிசுக்குத் திருப்பித் தர வேண்டும். 1984இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. 2017இல் அதே நீதிமன்றம், மீட்கக் கேட்பவர் நியாயமான காலத்துக்குள் கேட்க வேண்டும் என்று ஒரு கதவைச் சாத்தியது. அங்கே இருந்த தலித் அமைப்புகள் விடவில்லை. 2023இல் கர்நாடகம் சட்டத்தைத் திருத்தி, மீட்பு மனுவுக்குக் காலவரம்பு கிடையாது என்று எழுதியது. ஆந்திரத்திலும் 1977 முதல் ஒப்படை நிலங்களுக்குத் தனிச் சட்டம் உண்டு. சமூக நீதியின் தாயகம் என்று நாளும் சொல்லிக்கொள்ளும் நம் மாநிலத்தில், ஒரு வெள்ளைக்கார நிலையாணையின் மேல் இந்தக் கேள்வி உட்கார்ந்திருக்கிறது.

நம்முள்ளேயே ஒரு எதிர்ப்பு உண்டு. அதைத் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. விற்க முடியாத நிலம் என்ன நிலம் என்று நம் இளைஞர்கள் கேட்கிறார்கள். கோவை வளர்ந்து பழைய கிராமங்களை விழுங்குகிறது. பக்கத்துக் காட்டுக்காரர் மனைபோட்டு விற்றுக் கோடீஸ்வரர் ஆகிறார். நிபந்தனைப் பட்டாக்காரர் மகள் படிப்புக்குக்கூட அதை அடகு வைக்க முடியவில்லை. நிபந்தனையை நீக்கினால் நாமும் விற்று முன்னேறலாமே? கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் விற்பனைத் தடையை அடிமைத் தளை என்று எல்லா இடத்திலும் படிக்க முடியாது. 1900ஆம் ஆண்டில் பஞ்சாபில் ஆங்கிலேயர் ஒரு நிலப் பாதுகாப்புச் சட்டம் போட்டார்கள். 'விவசாய இனங்கள்' என்று பட்டியலிட்ட சாதிகளின் நிலம் அந்த வட்டத்துக்கு வெளியே போகக் கூடாது. பட்டியலில் தலித்துகள் இல்லை, ஆகவே காசு இருந்தாலும் அவர்களால் நிலம் வாங்க முடியவில்லை. அங்கே விற்பனைத் தடை கறாராக அமல் செய்யப்பட்டது, நிலமும் அந்தச் சாதிகளிடமே தங்கியது. தடை எங்கே வேலை செய்கிறது என்பது தடையைப் பொறுத்தது அல்ல, யாருக்காக என்பதைப் பொறுத்தது.

எனவே நம் தரப்பு இதுதான்: நிபந்தனை இருக்க வேண்டும், ஆனால் அதன் சுமையை நிலம் பெற்றவர் மட்டும் சுமக்கக் கூடாது. அடகு வாங்க வங்கி மறுத்தால், கூட்டுறவு வங்கியோ 1974 முதல் இருக்கும் தாட்கோவோ வாங்க வேண்டும். விற்றே ஆக வேண்டிய நிலை வந்தால் சந்தை விலைக்கு அரசே வாங்கி, நிலமற்ற இன்னொரு தலித் குடும்பத்துக்குத் தர வேண்டும். கிணறும் மோட்டாரும் இல்லாத மேட்டுக்காட்டை ஒப்படை என்று எழுதிக் கைகழுவக் கூடாது. தாட்கோ வழியாக நிலமற்ற தலித் பெண்கள் நிலம் வாங்க 50 விழுக்காடு மானியம், உச்சம் 5 லட்சம் ரூபாய் என்று ஒரு திட்டம் நடக்கிறது. நல்ல திட்டம். இன்றைய கோவைச் சுற்றுவட்டாரத்தில் அந்தத் தொகை எத்தனை சென்ட் வாங்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பார்கள். இங்கேதான் 1945ஆம் ஆண்டுச் சட்டத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. மத்திய அரசு சாவு வரியைக் கைவிட்டது 1985இல். ஆனால் மாநிலப் பட்டியலின் 48ஆவது இனம் அப்படியே இருக்கிறது. 47ஆவது இனமும், அதாவது விவசாய நிலத்தின் வாரிசுரிமை மீதான தீர்வையும் இருக்கிறது. பெருநிலம் வாரிசாகக் கை மாறும்போது தமிழ்நாடு சட்டமன்றம் ஒரு சிறு பங்கைக் கேட்க, டெல்லியின் அனுமதி வேண்டியதில்லை. ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் விவசாயியைத் தொடச் சொல்லவில்லை. நொய்யல் கரையில் ஏக்கர் கணக்கில் அல்ல, சதுர அடிக் கணக்கில் விலை பேசப்படும் 'விவசாய' நிலங்களைச் சொல்கிறோம். 1947இல் 'அரசுகளும் சிறுபான்மையினரும்' என்ற ஆவணத்தில் அம்பேத்கர் விவசாயத்தையே அரசுத் தொழிலாக்கச் சொன்னார்; நிலப்பிரபு, குத்தகைதாரர், நிலமற்ற கூலி என்ற மூவரும் இல்லாத ஏற்பாட்டைக் கேட்டார். அதன் முன்னால் நாம் கேட்பது மிகவும் அடக்கமான ஒன்று. அதற்கே எத்தனை கூக்குரல் எழும் என்பதும் தெரியும்.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மாணவர்களால் இன்றே ஆகக்கூடிய வேலை ஒன்று உண்டு. உங்கள் ஊர் யூ.டி.ஆருக்கு முந்தைய செட்டில்மென்ட் ஏ பதிவேட்டையும் இன்றைய ஏ பதிவேட்டையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஜமாபந்தி நாளில் நேரில் போயும் கேட்கலாம். ஈரோடு 1979இலும் திருப்பூர் 2009இலும் தனி மாவட்டங்கள் ஆனதால், பழைய கோவை மாவட்டத்து ஆவணங்கள் எந்த அலுவலகத்தில் இருக்கின்றன என்பதில் உங்களை அலைக்கழிப்பார்கள். இரண்டு இடத்திலும் மனு கொடுங்கள். அரசாணைகளுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம் உண்டு. பதிவேடு கைக்கு வந்ததும் பெயர்ப் பத்தியை விட்டுவிட்டு, கடைசியிலுள்ள குறிப்புப் பத்தியைப் பாருங்கள். 'டி.சி.' என்றோ 'நிபந்தனை ஒப்படை' என்றோ பழைய பதிவேட்டில் இருந்து, புதியதில் அந்த இடம் வெறுமையாக இருந்தால், அந்தப் புல எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தப் பழைய பெயருக்கு இன்று வாரிசு யார், எந்த வளவில் குடியிருக்கிறார், யார் தோட்டத்தில் வேலைக்குப் போகிறார் என்று விசாரியுங்கள்.